டான்சி தீர்ப்பில் வரும் 'மனசாட்சி': அமைச்சர்களுக்கான நடத்தை விதியை மீறினால் யார் கேட்பது?

#1 ஏடுபுரட்டி

டான்சி நில வழக்கில் உச்ச நீதிமன்றம் 2003 நவம்பர் 24 அன்று கொடுத்த தீர்ப்பை இங்கே யாராவது முழுசாகப் படித்திருக்கிறீர்களா? நம் ஞாபகத்தில் அது "ஜெயலலிதா விடுதலை" என்ற ஒற்றை வரிச் செய்தியாகத்தான் நிற்கிறது. உள்ளே இருப்பது இன்னும் சுவாரசியம்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. டான்சி என்பது தமிழ்நாடு சிறுதொழில் நிறுவனம், அரசு நிறுவனம். கிண்டியில் அதற்குச் சொந்தமான நிலத்தை 1992-ல் ஜெயா பப்ளிகேஷன்ஸ் வாங்கியது. அந்த ஜெயா பப்ளிகேஷன்ஸில் அன்றைய முதல்வர் ஜெயலலிதாவே பங்குதாரர். 2000 அக்டோபரில் தனி நீதிமன்றம் தண்டித்தது. 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2003-ல் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை உறுதி செய்தது.

அமைச்சர்களுக்கு ஒரு நடத்தை விதித்தொகுப்பு இருக்கிறது. அரசிடமிருந்து அசையாச் சொத்து வாங்காதே, அரசுக்கு விற்காதே என்று அதில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. ஆனால் அது சட்டம் இல்லை, அதை மீறியதற்காகக் குற்றவியல் தண்டனை கொடுக்க முடியாது என்றது நீதிமன்றம். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நிலத்தை நிபந்தனையில்லாமல் டான்சியிடம் திருப்பிக் கொடுத்து மனசாட்சிக்குப் பதில் சொல்லிப் பிராயச்சித்தம் செய்துகொள்ள வேண்டும், விதியின் உணர்வை மீறியது சரிதானா என்று யோசித்துப் பார்க்க வேண்டும் என்றும் எழுதியது. ஆவணத்தில் இருந்த கையெழுத்தே தன்னுடையது இல்லை என்று அவர் மறுத்ததையும் நீதிபதிகள் கண்டித்தார்கள். பொது வாழ்வில் இருப்பவர் இப்படிச் செய்யலாமா என்பதுதான் அவர்கள் கேள்வி.

என் கேள்வி இதுதான். மீறினால் மனசாட்சியைத் தவிர வேறு யாரும் கேட்க மாட்டார்கள் என்றால், அந்த விதித்தொகுப்பை எதற்கு அச்சடித்து வைத்திருக்கிறோம்?

#2 வைகைக்கரை

ஐயா, இருபது வருஷத்துக்கு முன்னால் முடிந்துபோன கேஸ். விடுதலை என்றால் விடுதலை. செத்துப்போனவரை இன்னும் ஏன் இழுக்கிறீர்கள்? 1996-ல் பர்கூரில் ஜனங்களே தோற்கடித்தார்கள், 2002-ல் ஆண்டிப்பட்டியில் ஜனங்களே ஜெயிக்க வைத்தார்கள். இதைவிடப் பெரிய நெறிமுறைக் குழு எங்கே இருக்கிறது? இந்த ஒழுக்கப் பேச்சு எல்லாமே எதிர்க்கட்சியாக இருக்கும்போது மட்டும் வருகிற காய்ச்சல்.

#3 கோர்ட்டடி

வைகைக்கரை, இது அவரைப் பற்றிய விஷயம் மட்டும் இல்லை. சட்டத்தில் இருக்கிற ஓட்டை என்ன என்பதைப் பார்ப்போம்.

அரசு ஊழியர் ஒருவர் ஒரு சொத்தை வாங்கக் கூடாது என்று "சட்டப்படி கட்டுப்பட்டிருந்தும்" வாங்கினால் குற்றம் என்று இந்திய தண்டனைச் சட்டம் 169-வது பிரிவு சொன்னது. (இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 203.) கேஸ் முழுக்க அந்த "சட்டப்படி" என்ற இடத்தில்தான் மாட்டிக்கொண்டது. நடத்தை விதித்தொகுப்பை எந்தச் சட்டமன்றமும் நிறைவேற்றவில்லை. எந்தச் சட்டத்தின் கீழும் வந்த விதியும் இல்லை. உள்துறை அமைச்சகம் தயாரித்த ஆவணம், அவ்வளவுதான். அதனால் 169 பொருந்தாது என்று சொல்லிவிட்டார்கள். சட்டமாகப் பார்த்தால் அது தப்பான வாதம் இல்லை. குற்றம் என்ன என்று எழுதி வைக்காமல் யாரையும் உள்ளே தள்ள முடியாது.

இதில் எனக்கு உறுத்துவது வேறொன்று. அந்தத் தொகுப்பை யார் கண்காணிப்பது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. மத்திய அமைச்சர் என்றால் பிரதமர். மாநில அமைச்சர் என்றால் முதலமைச்சர். முதலமைச்சர் என்றால் பிரதமரும் மத்திய உள்துறை அமைச்சரும். ஆக ஒவ்வொருவரையும் கண்காணிப்பவர் ஒன்று அவரைப் பதவியில் வைத்தவர், இல்லை அவருடைய கூட்டணிக்காரர், இல்லை அவருடைய அரசியல் எதிரி. இந்த மூன்று பேரில் நடுநிலையாக ஒரு கோப்பைத் திறந்து பார்க்கப்போவது யார், சொல்லுங்கள்.

இதற்கு மூலம் ஊழல் தடுப்புக்கான சந்தானம் குழு. 1962-ல் அமைத்து 1964-ல் அறிக்கை வந்தது. தலைவர் கே. சந்தானம் நம் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அந்தக் குழு சொல்லித்தான் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையமும் வந்தது. அதிகாரிகளைப் பார்க்க ஆணையம் வைத்தார்கள், அமைச்சர்களுக்கு ஒரு காகிதம் கொடுத்தார்கள்.

#4 பழைய_மெட்ராஸ்

தம்பி கோர்ட்டடி சொல்வது சரி. ஆனால் காகிதம்கூட இல்லாத காலத்தில் ஆட்கள் விலகிப் போயிருக்கிறார்கள் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

1956 நவம்பரில் அரியலூர் பக்கம் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேல் செத்தார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். பாலத்தை அவரா கட்டினார், தண்டவாளத்தை அவரா போட்டார்? துணை மந்திரி அழகேசன் நம் செங்கல்பட்டுக்காரர். "ஆண்டது போதாதா, மாண்டது போதாதா" என்று தி.மு.க. அவரை வைத்துப் போட்ட கோஷம் என் வயசுக்காரர்களுக்கெல்லாம் மனப்பாடம்.

அதற்கு அடுத்த வருஷமே முந்த்ரா விவகாரம். எல்.ஐ.சி. ஆரம்பித்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஹரிதாஸ் முந்த்ரா என்ற வியாபாரியின் கம்பெனிப் பங்குகளை ஒன்றேகால் கோடி ரூபாய் அளவுக்கு எல்.ஐ.சி. வாங்கியது. டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அதைக் கிளப்பியவர் யார் தெரியுமா? ஆளுங்கட்சி எம்.பி., பிரதமரின் மருமகன், பெரோஸ் காந்தி. நீதிபதி சாக்ளாவை வைத்து ஒரு நபர் கமிஷன் போட்டார்கள். விசாரணை பொதுமக்கள் முன்னிலையில் நடந்தது, ஒரு மாசத்துக்குள்ளேயே முடிந்தது. நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பணம் வாங்கினார் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் நிதித்துறைச் செயலாளர் செய்ததற்கு அமைச்சர்தான் அரசியல் சாசனப்படி பொறுப்பு என்றார் சாக்ளா. 1958 பிப்ரவரியில் டி.டி.கே. போய்விட்டார்.

இன்றைக்கு ஒரு கமிஷன் போட்டால் அறிக்கை வருவதற்குள் இரண்டு தேர்தல் முடிந்துவிடுகிறது.

#5 சைதை_சிவா

அண்ணா, மரியாதையோடு ஒரு குறுக்கு. அந்த டி.டி.கே. நாலே வருஷத்தில் மறுபடி மத்திய மந்திரி ஆனார். அப்புறம் நிதி இலாகாவும் திரும்பக் கிடைத்தது. 1965 கடைசியில் வேறு புகார்கள் வந்து திரும்ப ராஜினாமா. அந்தக் காலத்து ஆட்கள் எல்லாம் உத்தமர்கள், இந்தக் காலத்து ஆட்கள் எல்லாம் மோசம் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும், ஒரு பிரயோஜனமும் இல்லை. பொற்காலத்திலேயே 1951-ல் முட்கல் என்ற எம்.பி. பம்பாய் தங்க வெள்ளி வியாபாரிகள் சங்கத்திடம் பணம் வாங்கிக்கொண்டு அவையில் அவர்களுக்காகக் கேள்வி கேட்டு மாட்டினார். அது தற்காலிக நாடாளுமன்றம், முதல் பொதுத் தேர்தலே அப்போது நடக்கவில்லை!

#6 பழைய_மெட்ராஸ்

சிவா, அந்த முட்கல்லை வெளியேற்ற வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்ததே நேரு. சொந்தக் கட்சி எம்.பி. மேல். தீர்மானம் நிறைவேறுவதற்குள் அவர் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டார். அப்படியும் விடாமல், அவர் வெளியேற்றப்படத் தக்கவர், ராஜினாமா கடிதத்தின் வாசகமே அவையை அவமதிப்பது என்று தீர்மானம் போட்டார்கள். நான் சொன்னது உத்தமர்களைப் பற்றி இல்லை. தன் ஆள் என்றாலும் கேள்வி கேட்டார்கள் என்பதைத்தான்.

#7 வைகைக்கரை

2005-லும்தான் வெளியேற்றினார்கள். ரகசிய கேமராவில் பணம் வாங்கிய பதினோரு எம்.பி.க்களை இரண்டே வாரத்தில் வீட்டுக்கு அனுப்பவில்லையா? மனசு வைத்தால் நடக்கும். புதுச் சட்டம், புது ஆணையம் எல்லாம் எதற்கு, அதிலேயும் நாலு பேருக்கு வேலை போட்டுக் கொடுக்கவா?

#8 கோர்ட்டடி

2005 டிசம்பர் 12 ஒளிபரப்பு, 23-ம் தேதி வெளியேற்றம். மக்களவையில் 10, மாநிலங்களவையில் 1. 2007-ல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. எல்லாம் சரி. ஆனால் அந்தப் பதினோரு பேரில் ஆறு பேர் பா.ஜ.க., மூன்று பேர் பகுஜன் சமாஜ், காங்கிரசும் ராஷ்டிரிய ஜனதா தளமும் ஆளுக்கு ஒருவர். எல்லார் பக்கமும் அடிபட்டது, டி.வி.யில் ஊரே பார்த்துவிட்டது. அதனால் ஒற்றுமை வந்தது. ஒரே கட்சி ஆள் மாட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு 2023 டிசம்பர் இருக்கிறது. கேள்வி கேட்கப் பரிசு வாங்கினார் என்ற புகாரில் வெளியேற்றப்பட்ட திரிணமூல் எம்.பி. மஹுவா மொய்த்ரா விஷயத்தில் மக்களவை நெறிமுறைக் குழுவே கட்சி வாரியாகப் பிரிந்து ஓட்டுப் போட்டது. அவர் செய்தது சரியா தப்பா என்பதற்குள் நான் போகவில்லை. பெரும்பான்மை பலத்தை வைத்து ஓர் உறுப்பினரின் ஒழுக்கத்தைத் தீர்மானித்தால், அடுத்த முறை யாருக்கும் அதில் நம்பிக்கை இருக்காது. 2024-ல் அவர் அதே கிருஷ்ணாநகரில் ஜெயித்துத் திரும்பவும் வந்துவிட்டார்.

பணத்தைப் பற்றிப் பேசும்போது இந்த வேடிக்கையையும் கேளுங்கள். 1993 ஜூலை 28, நரசிம்ம ராவ் அரசுக்கு எதிரான நம்பிக்கையில்லாத் தீர்மானம் 251-க்கு 265 என்று தோற்றது. ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா எம்.பி.க்களும் இன்னும் சிலரும் பணம் வாங்கிக்கொண்டு ஓட்டுப் போட்டார்கள் என்று சி.பி.ஐ. வழக்கு. 1998-ல் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் என்ன சொன்னது? பணம் வாங்கி, அதன்படி அவையில் ஓட்டும் போட்டவர்களுக்கு அவையில் போட்ட ஓட்டுக்கு வழக்குப் போட முடியாது என்கிற அரசியல் சாசனம் 105-வது பிரிவின் பாதுகாப்பு உண்டு. பணம் வாங்கியதாகச் சொல்லப்பட்டு ஓட்டுப் போடாமல் இருந்தவருக்குப் பாதுகாப்பு இல்லை! அதாவது வாங்கின காசுக்கு விசுவாசமாக வேலை பார்த்தவன் தப்பித்தான், ஏமாற்றியவன் மாட்டிக்கொண்டான். இதை மாற்ற 2024 மார்ச் 4 வரை ஆனது. சீதா சோரன் வழக்கில் ஏழு நீதிபதிகள் ஒருமித்து அதை ரத்து செய்தார்கள். கையில் வாங்கிய நிமிஷமே குற்றம் முடிந்துவிட்டது, அப்புறம் ஓட்டுப் போட்டானா இல்லையா என்ற கேள்வியே இல்லை என்று இப்போது சட்டம். இருபத்தாறு வருஷம் அந்தப் பழைய தீர்ப்பு இந்த நாட்டில் செல்லுபடியாக இருந்தது.

#9 சைதை_சிவா

ஏமாற்றியவன் மாட்டிக்கொண்டான் 😂 இதை எங்கேயாவது எழுதி மாட்டி வைக்கணும்.

#10 ஹரோ_வாசி

வணக்கம் எல்லோருக்கும். நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டனில். இங்கத்தைக் கதையையும் கொஞ்சம் சொல்லலாம் என்று நினைக்கிறன், உங்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

மேல்மட்டத்தில் இங்கேயும் உங்கட கதைதான். மந்திரிகளுக்கு ஒரு நடத்தைக் கோவை இருக்கு, அதை மீறினால் என்ன செய்வது என்று முடிவெடுப்பது பிரதமர். 2020-ல் உள்துறை அமைச்சர் பிரீத்தி பட்டேல் அலுவலர்களிடம் நடந்துகொண்ட விதம் கோவைக்கு மாறானது என்று பிரதமரின் நெறிமுறை ஆலோசகர் சர் அலெக்ஸ் ஆலன் அறிக்கை கொடுத்தார். பிரதமர் ஜான்சன் அமைச்சரை வைத்துக்கொண்டார், ஆலோசகர்தான் ராஜினாமா செய்தார்! ஆனால் 2025 செப்டம்பரில் துணைப் பிரதமர் ஆஞ்சலா ரெய்னர் வீடு வாங்கியபோது முத்திரை வரி குறைவாகக் கட்டிய விஷயம் வந்தது. தானே அப்போதைய ஆலோசகரிடம் போனார், அவர் ரெண்டு நாளில் அறிக்கை கொடுத்தார், கோவை மீறப்பட்டது என்றார், அன்றைக்கே ராஜினாமா. அதே கோவை, அதே மாதிரிப் பதவி. பிரதமர் யார், அவருக்கு அன்றைக்கு என்ன நெருக்கடி என்பதைப் பொறுத்து முடிவு மாறுது.

நான் சொல்ல வந்தது கீழ்மட்டம். எங்கட கவுன்சில் கூட்டத்துக்கு ஒருக்கால் போனன், பக்கத்து வீட்டுக்காரர் மாடி எழுப்புகிற அனுமதி சம்பந்தமாக. கூட்டம் தொடங்கினவுடனே, இன்றைய விடயங்களில் யாருக்காவது சொந்த நலன் இருக்கா என்று தலைவர் கேட்டார். ஒரு கவுன்சிலர் அம்மா கையைத் தூக்கி, மூன்றாவது விடயத்தில் வாற நிறுவனத்தில் தன் கணவர் வேலை செய்கிறார் என்றார். அந்த விடயம் வந்தபோது எழுந்து வெளியே போனார். முடிந்த பிறகு வந்து இருந்தார். ஒருத்தரும் அதைப் பெரிசாகப் பார்க்கவில்லை, தேத்தண்ணி குடிக்கப் போனது மாதிரித்தான்.

2011-ல் வந்த உள்ளாட்சிச் சட்டப்படி கணவன், மனைவியின் நலனும் உறுப்பினரின் நலன்தான். பதிவேடு கவுன்சில் இணையத்தளத்தில் கிடக்கும். நியாயமான காரணம் இல்லாமல் மறைத்தால் குற்றவியல் வழக்கு. ஆனால் அதே சட்டம் கவுன்சிலர்களைக் கண்காணித்த நெறிமுறை வாரியத்தையும் எடுத்துவிட்டது. ஒரு கவுன்சிலர் கூட்டத்தில் கெட்ட வார்த்தையில் ஏசினால் அவரை இடைநீக்கம் செய்யக்கூட கவுன்சிலுக்கு அதிகாரம் இல்லை. ஒரு பக்கம் பூட்டு, மற்றப் பக்கம் கதவே இல்லை.

#11 எம்புக்_மாமா

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். லண்டன் தம்பி எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் பேரூராட்சி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்த ஊர் என்று கேட்க வேண்டாம். நீங்கள் டெல்லி, கோட்டை என்று பேசுகிறீர்கள். ஜனங்கள் தினமும் பார்க்கிற அரசியல்வாதி வார்டு கவுன்சிலர். அங்கே இது எப்படி நடக்கும் என்று சொல்கிறேன்.

ஒரு தெருவுக்கு சிமெண்ட் ரோடு. மதிப்பீடு போட்டாயிற்று. டெண்டரில் போட்டி இருக்க வேண்டும் என்பதற்காக மூன்று பேர் போடுவார்கள். மூன்று உறையிலும் ஒரே கையெழுத்து. மூன்று டி.டி.யும் ஒரே பேங்கில் ஒரே நாளில் அடுத்தடுத்த நம்பரில் எடுத்தது. உறையைப் பிரிக்கும்போது நாங்கள் எல்லாரும் பார்ப்போம், யாரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டோம். இப்போது ஆன்லைன் டெண்டர் வந்துவிட்டது. உறைக்குப் பதில் ஒரே பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து மூன்று பேருக்கும் ஒரே பையன் ஏற்றிவிடுகிறான். கிடைப்பது கவுன்சிலரின் மைத்துனருக்கு. சட்டப்படி கவுன்சிலருக்கு ஒப்பந்தத்தில் பங்கு இருந்தால் பதவி போகும். அதனால்தான் எந்தக் காகிதத்திலும் அவர் பெயர் இருக்காது. லைசென்ஸ் மைத்துனர் பெயரில், செக் மைத்துனர் கணக்கில், ஜல்லி லாரி வரும்போது தெருவில் நிற்பது மட்டும் கவுன்சிலர்.

அப்புறம் மன்றக் கூட்டம். "மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும் வைக்கப்படுகிறது" என்று நாங்கள் எழுதி வைப்போம். அந்தக் கவுன்சிலரும் சேர்ந்தே கை தூக்குவார். கை தூக்குவது என்ன, டீயும் வடையும் வந்தபிறகு முப்பது நாற்பது பொருளையும் மொத்தமாக "அனுமதிக்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்து வாங்குவதுதான். முடிந்த வேலையை அளந்து எழுதுகிற அளவுப் புத்தகத்தில் ஆறு அங்குலம் கனம் என்று பதிவாகும். ரோட்டில் நாலு இருந்தால் அதிர்ஷ்டம். கேட்டால் "உனக்கு எதுக்குய்யா, பில்லை அனுப்பு" என்பார்கள். அனுப்பினேன். குடும்பம் இருக்கிறது, டிரான்ஸ்பர் என்ற ஆயுதம் அவர்கள் கையில் இருக்கிறது.

என் சர்வீசில் ஒரே ஒரு ஆள்கூட "இது என் சொந்தக்காரர் எடுத்த வேலை, நான் வெளியே இருக்கிறேன்" என்று எழுந்து போய்ப் பார்த்ததில்லை. எழுந்து போக வேண்டும் என்ற எண்ணமே யாருக்கும் கிடையாது. கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். அதில் ஒருவர் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடித்துக் கொடுப்பார். தேர்தலுக்குச் செலவழித்ததை எடுக்க வேண்டாமா என்று நம்மிடமே வெளிப்படையாகக் கேட்பார்.

#12 ஏடுபுரட்டி

மாமா, இந்த இழையின் கனமே உங்கள் பதிவுதான். நான் மேலே இருந்து ஆரம்பித்துவிட்டேன், நீங்கள் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள். டான்சியிலும் உங்கள் தெருவிலும் ஒரே சங்கதி. விற்பவனும் வாங்குபவனும் ஒரே ஆள், நடுவில் ஒரு பெயர் மட்டும் வேறு.

#13 கயல்_ஆசிரியை

தலைவர் கணவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் வந்தது 2016-ல். எங்கள் ஊராட்சியில் தலைவரம்மா பள்ளி ஆண்டு விழாவுக்கு வந்தால் மேடையில் அவருக்கு ஒரு நாற்காலி, பக்கத்தில் கணவருக்கு அதைவிடப் பெரிய நாற்காலி. மைக் கணவர் கையில். தேர்ந்தெடுக்கப்படாத ஒருவர் அரசுக் கோப்பைப் பார்க்கிறார், பேரம் பேசுகிறார். எந்த நடத்தை விதியை எழுதினாலும் அவரைக் கட்டுப்படுத்தாது, ஏனென்றால் காகிதத்தில் அவர் யாருமே இல்லை. மாமா சொன்ன மைத்துனர் மாதிரியேதான்.

#14 வைகைக்கரை

சரி, எல்லாரும் ஆளுக்கொரு கதை சொல்லியாயிற்று. தீர்வுக்கு வாங்க. மத்திய அரசு 2025 ஆகஸ்டில் 130-வது திருத்த மசோதா கொண்டுவந்ததே. ஐந்து வருஷமோ அதற்கு மேலோ தண்டனை வரக்கூடிய வழக்கில் கைதாகி முப்பது நாள் தொடர்ந்து உள்ளே இருந்தால் 31-ம் நாள் பதவி காலி. பிரதமருக்கும் சேர்த்து. நீங்கள் கேட்ட பல்லும் நகமும் அதில் இருக்கிறது. அதை ஆதரிப்பீர்களா, இல்லை அதற்கும் ஒரு நொட்டை சொல்வீர்களா?

#15 கோர்ட்டடி

நொட்டை சொல்வேன் :)

கைது என்பது போலீஸ் எடுக்கிற முடிவு. சில சட்டங்களில் முப்பது நாளுக்குள் ஜாமீன் கிடைப்பது குதிரைக்கொம்பு, குறிப்பாகப் பணமோசடித் தடுப்புச் சட்டத்தில். ஆக யாரைப் பதவியிலிருந்து இறக்குவது என்பதை விசாரணை அமைப்பை வைத்திருப்பவர் தீர்மானிப்பார். பிரதமருக்கும் பொருந்தும் என்பது எழுத்தில் சரி. பிரதமரை எந்த அமைப்பு கைது செய்யப்போகிறது? மசோதாவை 2025-லேயே நாடாளுமன்றக் கூட்டுக்குழுவுக்கு அனுப்பினார்கள்.

ஆனால் இதற்கு எதிர்ப்பக்கம் நிற்பவர்களுக்கும் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. நம் மாநிலத்தையே எடுங்கள். செந்தில் பாலாஜி 2023 ஜூனில் கைதானார். 2024 பிப்ரவரி வரை இலாகா இல்லாத அமைச்சராகச் சிறையிலேயே இருந்தார். இடையில் ஆளுநர் ஒருநாள் சாயங்காலம் அவரை நீக்கி உத்தரவு போட்டு, அன்று ராத்திரியே நிறுத்தி வைத்தார். அது தனிக் கூத்து. சிறையில் இருப்பவர் இலாகா இல்லாத அமைச்சராகத் தொடர்வதால் ஒரு பயனும் இல்லை, அரசியல் சாசன நெறிக்கும் நல்லதில்லை என்று உயர் நீதிமன்றம் சொல்லி, முடிவை முதல்வரிடம் விட்டது. 2024 செப்டம்பர் 26 ஜாமீன், 29 மறுபடி பதவியேற்பு. பதவியா ஜாமீனா என்று உச்ச நீதிமன்றம் கேட்ட பிறகு 2025 ஏப்ரலில் ராஜினாமா. டெல்லியில் கெஜ்ரிவால் முதல்வர் பதவியோடே திகாரில் மாதக்கணக்கில் இருந்தார். ஜார்க்கண்ட் முதல்வராக இருந்த ஹேமந்த் சோரன் மட்டும் கைதாகும் முன் விலகினார். குற்றம் நிரூபணம் ஆகும்வரை நிரபராதி என்பது சிறையிலிருந்து காப்பாற்ற வந்த கொள்கை. அமைச்சர் நாற்காலியில் தொடர்ந்து உட்கார வைப்பது அதன் வேலை இல்லை.

தண்டனை வந்தபிறகு என்ன என்பதில் சட்டம் ஏற்கெனவே தெளிவு. 2013 லில்லி தாமஸ் தீர்ப்புக்குப் பிறகு இரண்டு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை என்றால் உறுப்பினர் பதவி அன்றே போகும். அதற்கு முன்னால் மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு போட்டுவிட்டுத் தொடரலாம் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 8(4) என்ற வசதி இருந்தது, அதை அடித்துவிட்டார்கள். அதனால்தான் 2014 செப்டம்பரில் சொத்துக் குவிப்பு வழக்கில் தண்டனை வந்தவுடன் ஜெயலலிதா பதவி இழந்தார். முதலமைச்சராக இருக்கும்போதே இப்படித் தகுதியிழந்த முதல் ஆள் அவர்தான்.

#16 சைதை_சிவா

அப்போ கைதுக்கு முன்னால், டான்சி மாதிரி, மாமாவின் தெரு மாதிரி சமாச்சாரத்துக்கு என்ன வழி? அங்கே குற்றமே இல்லை என்கிறீர்கள். தண்டனையும் இல்லை.

#17 கோர்ட்டடி

அதுதான் நடுவில் இருக்கிற காலி இடம். ஒரு பக்கம் ஜெயில், இன்னொரு பக்கம் மனசாட்சி. நடுவில் ஒன்றும் இல்லை.

சொத்து விவரமே எடுத்துக்கொள்ளுங்கள். 2002, 2003 உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளால்தான் வேட்பாளர் பிரமாணப் பத்திரம் என்று ஒன்றே வந்தது. நாடாளுமன்றமும் கட்சிகளும் சேர்ந்து தடுக்கப் பார்த்தன, முடியவில்லை. நல்ல விஷயம். ஆனால் அந்தப் படிவம் 26-ஐ மனுத்தாக்கல் நேரத்தில் ஒருவரும் சரிபார்ப்பதில்லை. தேர்தல் அதிகாரிக்கு எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. பொய் சொன்னால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 125ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம். பதவி போகாது. ஐந்து வருஷத்தில் சொத்து பத்து மடங்கு ஏன் ஏறியது என்று கேட்பதற்கென்றே ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு ஆள் நிரந்தரமாக எங்கேயும் இல்லை. மாநிலங்களவையில் உறுப்பினர் நலன் பதிவேடு என்று ஒன்று இருக்கிறது. சம்பளம் வரும் இயக்குநர் பதவி, கட்டுப்படுத்தும் அளவுக்குப் பங்கு, ஆலோசகர் வேலை என்று ஐந்து தலைப்பு. மக்களவையில் அப்படி ஒன்று இல்லை.

எனக்குப் பெரிய ஆணையம் எல்லாம் வேண்டாம். மாநில அளவில் ஊழல் புகாரை விசாரிக்கிற லோக்ஆயுக்தாவுக்கு நாம் எவ்வளவு காலம் காத்திருந்தோம்? 2013 மத்தியச் சட்டம் ஒரு வருஷத்தில் அமைக்கச் சொன்னது, நாம் சட்டமே 2018-ல்தான் போட்டோம், அதுவும் உச்ச நீதிமன்றம் கெடு வைத்தபிறகு. எனக்கு வேண்டியது இரண்டுதான். குடும்பத்தாரின் தொழிலும் சேர்ந்த ஒரு பதிவேடு, எல்லாரும் பார்க்கிற இடத்தில். அதில் இருக்கிற விஷயம் கூட்டத்துக்கு வந்தால் எழுந்து வெளியே போக வேண்டும், போகாமல் போட்ட ஓட்டு செல்லாது என்று ஒரு வரி. தீர்மானம் செல்லாது என்றால் பில் பாஸ் ஆகாது. பில் பாஸ் ஆகாது என்றால் மைத்துனரே கவுன்சிலரை எழுந்து போகச் சொல்லுவார்.

#18 வைகைக்கரை

மைத்துனருக்குப் பதில் நண்பன் பெயரில் எடுப்பான். அதற்கு என்ன செய்வீர்கள்?

#19 எம்புக்_மாமா

எடுப்பான்தான். ஆனால் நண்பனை அவ்வளவு சுலபமாக நம்ப மாட்டான். நான் பார்த்த சண்டை பாதி அங்கேதான் வரும். நண்பன் பணத்தைக் கொடுக்காமல் விட்டால் எந்த ஸ்டேஷனில் போய்ப் புகார் கொடுப்பான்? சொந்தத்துக்குள்ளே சுற்றுவதற்குக் காரணமே அதுதான். அந்தக் கதவை அடைத்தால் கொஞ்சமாவது குறையும்.

#20 ஹரோ_வாசி

மாமா சொல்றது முழுக்க உண்மை. இங்கேயும் பதிவேடு இருக்கிறதால ஊழல் இல்லை என்று நான் சொல்ல வரேல்லை. உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் ஒருத்தன் பதிவேட்டையும் கூட்டக் குறிப்பையும் பக்கத்தில வைத்துப் பார்த்தாலே செய்தி கிடைத்துவிடும், அதுதான் வித்தியாசம்.

#21 கயல்_ஆசிரியை

கோர்ட்டடி சார், சட்டம் வரும்போது வரட்டும். இப்போது இருக்கிறதை வைத்து என் மாதிரி ஆள் என்ன கேட்கலாம்? பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டியவர் யார் என்றுகூட எனக்குத் தெரியாது.

#22 கோர்ட்டடி

மேடம், தகவல் உரிமைச் சட்ட மனு. வெள்ளைத்தாள், பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை. "ஏன்", "எதற்கு" என்று கேட்காதீர்கள், பதில் வராது. ஆவணத்தைக் கேளுங்கள். (அ) சுற்றுச்சுவர் வேலைக்கான ஒப்பந்தப்புள்ளிகள் அனைத்தின் நகல், (ஆ) பணி ஆணை நகல், (இ) அளவுப் புத்தகத்தின் அந்தப் பக்கங்கள், (ஈ) அனுமதித்த மன்றத் தீர்மானமும் அன்றைய வருகைப் பதிவேடும். அதோடு, ஆவணங்களை நேரில் பார்வையிட அனுமதி வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். நகலில் விட்டுப்போகிற பக்கம் நேரில் போனால் கிடைக்கும். முப்பது நாள் கெடு. உள்ளாட்சி ஆட்களைப் பற்றிய புகார் என்றால் உள்ளாட்சி முறைமன்ற நடுவம் என்று தனியாக ஒன்று 2014 சட்டத்தில் வந்தது. அங்கே போவதற்கு முன்னால் இந்த நாலும் கையில் இருக்க வேண்டும்.

#23 எம்புக்_மாமா

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள் அம்மா. (உ) ஒப்பந்ததாரர் பதிவுச் சான்று நகல். அதில் முகவரி இருக்கும். நிறைய இடத்தில் கவுன்சிலர் வீட்டுக் கதவு எண்ணையே போட்டிருப்பார்கள். மாற்றக்கூடச் சோம்பல்.

#24 வைகைக்கரை

மாமா, இது ஒன்றுதான் இந்த இழையில் உருப்படியான தகவல். என் வார்டுக்கும் ஒரு மனு எழுதப் போகிறேன். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், எங்கள் கட்சிதான்.